சிறுபோகத் தண்ணீர்

ஆனி பிறந்தால் கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் சோளகம் கிளம்பிவிடும். பகல் முழுக்க ஓயாத காற்று. கொடியில் போட்ட சட்டை கால் மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். சோற்றுப் பானையைத் திறந்தால் புழுதி விழும். ஆச்சியின் உதடு வெடித்து, அதற்கு அவர் நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருப்பார். அந்தக் காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் தென்மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடுதான் எங்களிடம் வருகிறது என்று பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

நான் சொல்வது எண்பதுகளின் முற்பகுதி. ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டம் வந்தபோது அப்பு காடு வெட்டித் திருத்திய காணி எங்களுடையது. மேட்டில் வீடு, கிணறு, தென்னை, இரண்டு கறுத்தக்கொழும்பான் மா. வாய்க்காலுக்கு அங்காலே வயல். வாய்க்காலின் தலைப்பில் இரணைமடு. வவுனியாப் பக்கத்துக் காடுகளில் பிறக்கும் கனகராயன் ஆறு வடக்கே ஓடிவந்து அந்தக் குளத்தில் தங்கும். மிஞ்சியது சுண்டிக்குளம் கடனீரேரியில் போய் விழும். 1902 இல் கட்டத் தொடங்கிய குளம். பிறகு கட்டை உயர்த்தி உயர்த்தி வட மாகாணத்திலேயே பெரிய குளமாக்கினார்கள். இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் அதை நம்பியிருந்தது. மார்கழியில் வான் பாயும் சத்தம் கேட்கிறது என்று யாராவது சொன்னால், ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார்.

கிளிநொச்சிக்கு ஆண்டில் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை மழை கிடைக்கும். உலகத்தில் எத்தனையோ இடங்களோடு பார்க்கையில் அது கொஞ்சமில்லை. ஆனால் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் விழுந்து முடிந்துவிடும். சித்திரையில் இடியோடு ஒரு சிறுமாரி, அவ்வளவுதான். மற்ற மாதங்களில் வெயிலும் சோளகமும் சேர்ந்து திறந்த நீரிலிருந்து குடிப்பது, ஆண்டு முழுக்க விழும் மழையையே மிஞ்சும். ஆகவே வன்னியில் வாழ்வதென்றால் மூன்று மாதத் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிடுவது. பெரிய குளத்துக்கு மேலே, காட்டுக்குள், ஊரூராகச் சின்னக் குளங்கள் ஒன்றின் கழிவை ஒன்று ஏந்திக்கொண்டு கிடந்ததற்கும் அதுதான் காரணம்.

அந்தப் பங்கீட்டைக் கண்ணால் பார்க்க எனக்குக் கிடைத்த இடம், கோடைப் பயிரான சிறுபோகத்துக்கான கூட்டம். மாரியில் விதைத்த காலபோக நெல்லைச் சூடடித்து, சாக்குகளை வீட்டில் அடுக்கிய பிறகு, பங்குனி முடியும் தறுவாயில் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபர் வருவார். நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளர் எழும்பி, குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பார். அந்த ஓர் எண்ணைக் கேட்டதும் மண்டபம் முழுக்க வாய்க்குள் கணக்குப் போடும். காலபோகத்துக்கு எல்லா வயலும் விதைப்பு. சிறுபோகத்துக்குக் குளத்தில் உள்ள அளவுக்குத்தான். நாலில் ஒன்று என்று முடிவானால், மூன்று ஏக்கர்க்காரருக்கு முக்கால் ஏக்கர். அந்த முக்கால் ஏக்கரும் அவருடைய சொந்த வயலில் இருக்கவேண்டுமென்றில்லை. வாய்க்கால் நெடுகத் தண்ணீர் ஓடிக் களைத்துப் போகாமலிருக்க, தலைப்பக்கத்து வயல்களை மட்டும் விதைப்பார்கள். கடைசி வாய்க்கால்காரருக்கும் அங்கே ஒரு துண்டு பிரித்துக் கொடுப்பார்கள். சண்டை வரும். ஒருவரையொருவர் கைநீட்டிப் பேசுவார்கள். ஆனால் பங்கு இல்லை என்று யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்றைக்கு நினைக்கும்போது, நான் கண்ட எந்த நாடாளுமன்றத்தை விடவும் அந்தக் கூட்டத்தில் எனக்கு மரியாதை அதிகம்.

தண்ணீர் முறை இரவில் வந்தால் ஐயா லாம்பையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார். நானும் வருவேன் என்று அழுவேன்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இரவில வயலில என்ன வேலை?" என்று ஆச்சி தடுப்பார்.

"வரட்டும் அம்மா. தண்ணி எங்கால வருதெண்டு அவளும் அறியட்டும்" என்பார் ஐயா.

வரம்பில் சாக்கை விரித்து என்னை இருத்திவிட்டு அவர் வாய்க்கால் மடையை வெட்டிவிடுவார். காய்ந்த வயலுக்குள் தண்ணீர் வருவதை நான் முதலில் காதால்தான் அறிந்தேன். வெடிப்புகளுக்குள் அது இறங்கும்போது களகளவென்று ஒரு சத்தம். உள்ளேயிருந்த காற்று குமிழியாக மேலே வரும். அதோடு சில்வண்டுகளும் பூரான்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு வரம்பேறும். லாம்பு வெளிச்சத்தில் பார்த்தால், பெரிய வெடிப்புகள் நிரம்பும் வரை நீர் ஒரு முழம்கூட முன்னேறாது. "மண் முதல்ல குடிக்கும், பிறகுதான் பயிருக்கு விடும்" என்று ஐயா சொல்லுவார். மண்ணின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் தண்ணீர் கேட்கிற ஆட்களை அவருக்குப் பிடிக்காது.

மாரி பொய்த்த ஓராண்டும் எனக்கு நினைவிருக்கிறது. கார்த்திகையில் மூட்டம் போட்டது, தூறியது, போய்விட்டது. தையில் குளம் பாதிகூட இல்லை. சிறுபோகம் இல்லையென்று கூட்டத்தில் ஒரே பேச்சில் முடிந்தது. ஆவணி வர எங்கள் கிணறு அடிக்கல்லைக் காட்டியது. வாளி 'டங்' என்று போய் அடிக்கும். பிறகு நானும் ஆச்சியும் விடியமுன் குடங்களோடு ஆற்றுக்குப் போனோம். ஆறு என்றால் வெறும் மணல். ஆச்சி மணலைக் காலால் உழக்கிப் பார்த்து, ஓரிடத்தில் குந்தி, கையாலேயே பூவல் தோண்டத் தொடங்குவார். முழங்கை அளவு போனதும் மணலின் நிறம் மாறும். இன்னும் ஒரு சாண். அதன்பிறகு பேசாமல் இருக்கவேண்டும். பூவலின் ஓரத்திலிருந்து நீர் கசிந்து, முதலில் மணலை நனைத்து, பிறகு அடியில் ஒரு சிரட்டை அளவு தேங்கும். அந்த முதற் சிரட்டையை அள்ளி வெளியே ஊற்றிவிடுவார். அது பறவைக்கு. அடுத்ததிலிருந்து குடத்துக்கு. ஒரு குடம் நிரம்ப வெளிச்சம் வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்வாயில் உரசிவிட்டு வைப்பார். மண்டி அடியில் இறங்கிய பிறகு அந்தத் தண்ணீருக்கு இருந்த குளிர்ச்சியும் இனிப்பும் கிணற்று நீருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மேற்கே புழுதி கிளப்பும் தரையைப் பார்த்துக்கொண்டு என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "இங்க மழை எப்ப வரும்?" அவளுடைய குடும்பம் 1977 கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்தது. மலையாளபுரம், பாரதிபுரம், தர்மபுரம் என்று அப்படி வந்த சனங்கள் காடு வெட்டிக் குடியிருந்த மேட்டுநிலங்களுக்கு இரணைமடு வாய்க்கால் போகவில்லை. குளத்துத் தண்ணீரைப் பங்கிட்ட எங்கள் கூட்டத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது, ஏனென்றால் அவர்களுக்கு வயல் கிடையாது. கிணறு வெட்டக் காசு சேரும் வரை அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு மேலால் உள்ள பொதுக் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தார். மழையே நிற்காத மண்ணில் பிறந்தவர்கள். எங்கள் ஊரின் வறட்சியைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அம்மாவின் இடுப்புக் குடம்தான். வானம் எல்லோருக்கும் ஒரேமாதிரித்தான் பொய்த்தது. அதன் சுமை மட்டும் ஒரேமாதிரி விழவில்லை.

வாய்க்காலின் மறுகோடியில் வேறொரு துன்பம். பெரியம்மாவை முரசுமோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே நிலம் கடனீரேரியை நோக்கித் தாழ்ந்து போகிறது. நல்ல மாரி பெய்த ஆண்டுகளில் வயல் பச்சையாக நிற்கும். தண்ணீர் எட்டாத ஆண்டுகளில் வரம்போரமாக வெள்ளை பூக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதை விரலால் தொட்டு நக்கிப் பார்ப்போம். உவர்தான். மண்ணுக்குக் கீழே உள்ள நீரை வெயில் மேலே இழுக்கிறது. நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மேலிருந்து நல்ல நீர் வந்து கழுவினால்தான் அது இறங்கும். கோடை நீளும் ஒவ்வோர் ஆண்டும் உப்புக்கு ஒரு வெற்றி. பெரியய்யா அந்த வயலின் கடைசி வளவை விதைப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். பிறகு அதில் உமரிப் பூண்டு முளைத்தது.

அதற்குப் பிந்திய ஆண்டுகளை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். இடப்பெயர்வு, பதுங்குகுழி, 2009. அந்த ஆண்டு தையில் எங்களுக்குப் பக்கத்துக் கல்மடுக்குளத்தின் கட்டையும் போர் உடைத்தது. மீள்குடியேறி வந்தவர்கள் கண்ட வயல்களில் முழங்காலளவு நாயுண்ணிப் பற்றை. எங்கள் மா மரங்களில் ஒன்று நின்றது.

நான் தூர தேசத்தில் இருக்கிறேன். காணியைச் சின்னம்மாவின் மகன்தான் செய்கிறான். 2016 கார்த்திகையில் அவன் தொலைபேசியில் சொன்னான்: "அக்கா, புழுதி விதைப்பு விதைச்சாச்சு. மழையைக் காணேல்ல." அந்த மாரி நாடு முழுவதும் பொய்த்தது. நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி என்றார்கள். 2016 இல் 44 இலட்சம் தொன்னாக இருந்த இலங்கையின் நெல் விளைச்சல் அடுத்த ஆண்டு ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னுக்கு விழுந்தது. அவன் விதைத்த நெல், ஒரு சின்ன மழைக்கு முளைத்து, பிறகு மூன்று கிழமை வெயிலில் கருகியது. புழுதி விதைப்பின் நம்பிக்கையே, முதல் மழைக்குப் பின்னால் இரண்டாம் மழை வரும் என்பதுதான். அப்பு காலத்தில் அந்த நம்பிக்கையை ஐப்பசி பெரும்பாலும் காப்பாற்றியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபக்கம் வந்தது. இரணைமடுவின் கட்டை 2 அடி உயர்த்தி, 36 அடி கொள்ளத்தக்கதாகத் திருத்தி, 2018 மார்கழி 7 ஆம் திகதி திறந்துவைத்தார்கள். குளம் நிரம்பிய படம் பார்த்து நான் அழுதேன். இரண்டு கிழமைதான். 21 ஆம் திகதி இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீருக்குள் போயின. வான்கதவுகள் அனைத்தும் திறக்கப்பட்டு, கனகராயன் ஆறு கண்டாவளை, முரசுமோட்டை வயல்களையும் வீடுகளையும் மூடிக்கொண்டு கடனீரேரிக்குப் போனது. பல்லாயிரம் பேர் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். கதவை எப்போது திறந்திருக்கவேண்டும் என்று பிறகு விசாரணை நடந்தது. எனக்கு அந்த விவாதத்தைவிட இன்னொன்று பெரிதாகப் படுகிறது. மார்கழியில் குளத்தை நிரப்பி வைப்பதா, இடம்விட்டு வைப்பதா என்ற கேள்வியே எங்கள் ஐயா தலைமுறைக்கு இருந்ததில்லை. நிரப்பு, அது ஒன்றே கட்டளை. இன்று நிரப்பினால் ஒரே இரவு மழையில் ஊர் மூழ்கலாம். நிரப்பாமல் விட்டால், தை மாதம் வானம் கையை விரித்துவிட்டால், சிறுபோகம் போய்விடும்.

காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த ஒரு விதியே எங்கள் ஊரின் இரு துன்பங்களுக்கும் வேராக இருக்கிறது. மழையில்லாத நாட்களில் சூடான காற்று குளத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் அதிகமாக எடுக்கிறது. பெய்யும் நாட்களில் எடுத்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. ஆண்டுக் கணக்கில் மில்லிமீற்றரைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாமலே போகலாம். ஆனால் மூன்று மாதம் மெல்ல மெல்ல இறங்கவேண்டிய நீர் நாலு நாளில் விழுந்தால், மண் குடிக்க நேரமில்லை. அது மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. அந்த மண் குளத்தின் அடியில் வண்டலாகப் படிந்து, அடுத்த ஆண்டு நீர் நிற்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் நெற்கதிர் சப்பியாகிவிடும் என்பது இன்னொரு கவலை. கதிர் நிமிர்ந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தே அப்பு சொல்லுவார், அதற்குள் அரிசி இல்லையென்று.

என் சின்ன வயதுப் பஞ்சம் கொடியதுதான். நான் அதை அழகாக்க விரும்பவில்லை. ஆச்சியின் முழங்கைத் தோல் பூவல் மணலில் உரிந்து போயிருந்தது. ஆனால் அது கணக்குக்குள் அடங்கிய பஞ்சம். பங்குனியில் ஓர் எண்ணைச் சொன்னார்கள், அதை எல்லோரும் நம்பிப் பங்கிட்டார்கள். இன்று கூட்டம் நடக்கிறது, எண்ணும் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் மாதங்களைத்தான் யாராலும் நம்பமுடியவில்லை. பஞ்சத்தைப் பங்கிடத் தெரிந்த ஊருக்கு, பங்கிடுவதற்கான அளவு கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் மண்ணுக்கு நடந்திருப்பதில் மிகப் பெரிய இழப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஆச்சி பூவல் தோண்டிய ஆற்று மணல் போருக்குப் பிறகு டிப்பர் டிப்பராக ஏறிப்போயிற்று. வீடு கட்ட மணல் வேண்டும்தான். ஆனால் அந்த மணல்தான் மாரி நீரை வெயிலுக்குத் தெரியாமல் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தது. இப்போது பல இடங்களில் ஆற்றின் அடிக்களி தெரிகிறது, அதில் பூவல் தோண்டமுடியாது. ஆற்றோரத்து மருதுகள் சரிந்து கிடக்கின்றன. மேலே காட்டுக்குள் இருந்த சின்னக் குளங்களில் பல கட்டு உடைந்தும் தூர்ந்தும் போயின. அவை இருந்தால் ஒரு பெருமழை இரணைமடுவை வந்தடைய முன் பல இடங்களில் தங்கித் தங்கித்தான் வந்திருக்கும்.

அப்பு மேட்டுக்காணியில் உளுந்து போடுவதற்கு முன்னால், கோடையில் மாட்டுப் பட்டியை அதில் அடைப்பார். பட்டி மாறிய பிறகு கட்டாந்தரையில் அலவாங்கால் சின்னச் சின்னக் குழி குத்தி, எருவையும் சருகையும் போட்டு மூடிவிடுவார். முதல் மழைக்கு அந்தக் குழிகளைச் சுற்றித்தான் மண் கறுத்து நனையும். மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில் யக்கூபா சவடோகோ என்ற கமக்காரர் 1980களில், மழை பொய்த்துக் கல்லாகிப் போன நிலத்தில், தன் ஊரின் பழைய குழி முறையைப் பெரிதாக்கி, எருவிட்டு, கறையான்களைத் துணைக்கழைத்து, தானியமும் பிறகு காடும் வளர்த்தார் என்று வாசித்தபோது, காணியைச் செய்யும் தம்பிக்கு நான் உடனே அழைத்தேன். சவடோகோ 2023 இல் இறந்தார். அப்பு அலவாங்கோடு குனிந்து நின்ற அதே ஆண்டுகளில் அந்த மனிதரும் அங்கே குனிந்து நின்றிருக்கிறார்.

தம்பி சிரித்தான். "அது அப்புவின்ர வேலையெல்லோ அக்கா" என்றான். அவன் இப்போது காலபோகத்துக்கு ஒரே நெல்லை முழு வயலுக்கும் போடுவதில்லை. பாதிக்கு மூன்றரை மாத நெல், பாதிக்கு மழை பிந்தினாலும் தாங்கும் இரண்டரை மாத நெல். மேட்டுக்காணியில் அரை ஏக்கருக்குக் குழி குத்தியிருக்கிறான். முரசுமோட்டையில் பெரியய்யா விட்ட அந்தக் கடைசி வளவுக்கு அவன் போகவில்லை. அதைக் கழுவ வாய்க்கால் முனை வரை நல்ல தண்ணீர் வரவேண்டும், வருமென்று கூட்டத்தில் யாரும் சொல்ல ஆயத்தமில்லை என்றான். மேலேயுள்ள தூர்ந்த குளங்களில் ஒன்றையாவது கமக்காரர் அமைப்பு திருத்தவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்கப்போகிறானாம். காசு எவ்வளவு வருமென்று விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.